இரண்டு எம்பிக்குக் குறையாமல்

ஒரே ஒரு ஊரிலே, ராஜா இல்லை, மந்திரி இல்லை, ஏழு கடலும் இல்லை, ஏழு மலையும் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளக்ஸ் கடைதான் இருந்ததாம். கடைக்குள்ளே ஒரு கம்ப்யூட்டராம், அதற்கு முன்னால் ஒரு பெண்ணாம், அவள் பெயர் கோகிலவாணியாம். அவளுக்கு ஒருத்தன் இருந்தானாம். அவன் அவளுக்கு இருந்தது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதாம். அவன் செத்துப்போனதுதான் எல்லாருக்கும் தெரியுமாம்.

திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது. படம் சிறியது, அச்சில் முகம் உடையும், பெரிய படம் தரவும். தினமும் பார்க்கிற எழுத்துதான், அவளே யோசித்து எழுதிக் கொடுத்த வாசகம்தான், ஆனால் இன்றைக்கு அது முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ சொன்னது மாதிரி இருந்தது, மவுஸின் மேல் வைத்த கை வியர்த்தது, ஃபேன் காற்று மேலே படும்போதே வியர்த்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்து அதை வாய்க்குள்ளேயே படித்தார். சம்பத். செத்துப்போன தரணிதரனின் அண்ணன். அவருக்கு இவளைத் தெரியாது. இவளுக்கு அவரை நன்றாகத் தெரியும், சாப்பிடும்போது பேசமாட்டார், கோபம் வந்தால் தோட்டத்துக்குள் போய் வாழை நடுவே நின்றுகொள்வார், காபியில் சர்க்கரை பத்தாவிட்டாலும் கேட்கமாட்டார், அப்படியே குடித்துவிட்டு டம்ளரைச் சத்தமாக வைப்பார், எல்லாம் தரணி சொல்லிச் சொல்லித் தெரியும். கேட்டுக் கேட்டு ஒரு ஆளை வளர்த்து வைத்திருந்தாள், அந்த ஆள் இப்படி நாலு நாள் தாடியும் கசங்கின வேட்டியுமாகப் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று நினைத்ததில்லை, என்றைக்காவது ஒருநாள் கோபமாக வருவார், கத்துவார் என்றுதான் நினைத்துப் பயந்திருந்தாள், அந்தப் பயம்கூட இப்போது யோசித்தால் ஒரு நல்ல காலம் மாதிரி இருந்தது. "ஏனுங்க அம்மிணி, இதுவும் ஆகாதுங்களா?" என்றார். "சின்னதா இருக்குதுங்கண்ணா. வாட்ஸப்புல வந்த படமுங்களா?" "ஆமாங்க. பசங்க ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தாங்க, அதத்தான் எடுத்தேன்." வெறுமனே பேச்சுக்குக் கேட்பது போல, "அம்மிணி எந்தப் பக்கம்?" என்றார். "வாய்க்கால்மேடுங்க." "ஓகோ," என்றார். அந்த ஓகோவை அவள் சின்ன வயசிலிருந்து கேட்டு வருகிறாள். அதற்கப்புறம் கேட்கிறவர்கள் ஒன்று பேச்சை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் நாற்காலியைச் சற்று நகர்த்துவார்கள். சம்பத் இரண்டும் செய்யவில்லை, ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தார், வேறு படம் இருக்கிறதா என்று.

வேறு படம் இருக்காது. அவளுக்குத் தெரியும். தரணியைப் படம் எடுப்பது ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் குளிப்பாட்டுவது போல. கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடியில் ஏறுகிறவன், அத்தனை உயரத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறக்கைக்கு கிரீஸ் அடிக்கிறவன், ஒரு ஃபோனை முகத்துக்கு முன்னால் நீட்டினால் காது சிவந்து கீழே பார்ப்பான். இருந்த ஒரே ஃபோனும் அவனோடு லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. விளக்குப் போடாமல் ரோட்டோரம் நின்ற லாரி, ஷிஃப்ட் முடிந்து வந்த விடியற்காலை, அவ்வளவுதான் எல்லாரும் சொன்னது, அதற்கு மேல் அவளால் யாரிடம் கேட்கமுடியும், பேப்பரில் வந்த துண்டுச் செய்தியைத்தான் கடையில் ஆள் இல்லாதபோது திரும்பத் திரும்பப் படித்தாள், பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

இந்த சைஸ் பார்க்கிற வேலையைக் கடைக்குள் கொண்டுவந்தது முதலாளி ஆறுச்சாமி. முன்னெல்லாம் யார் எந்தப் படம் கொடுத்தாலும் அடிப்பார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்கு அடித்த பேனரில் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பெண்ணுடைய தாய்மாமன் மண்டப வாசலில் நின்று, "ஏப்பா, மாப்பிள்ளைக்கு அம்மை வார்த்திருக்குதா, சொல்லவே இல்ல?" என்று கேட்டு, ஊரே சிரித்து, ஆறுச்சாமி வேட்டியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்று வந்தார். அப்புறம்தான் கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண்ணை வரவைத்துக் கடைக்கு வெப்சைட் போட்டார். முகப்படம் முதலில் அதில் ஏறவேண்டும், ஏறினால்தான் பேர், ஊர், மாலை எல்லாம் போடுகிற பக்கம் திறக்கும், அங்கிருந்துதான் மில் ரோட்டில் இருக்கும் மெஷினுக்குப் போகும், வேறு வழியே கிடையாது. "படம் இங்கிருந்து கெளம்பறதுக்கு முன்னாலயே பிரவுசர் சைஸப் பாத்துருங்கண்ணா. ரெண்டு எம்பிக்குக் கொறஞ்சா கெளம்பவே விடாது," என்றாள் அந்தப் பெண். "உள்ள யாரு மூஞ்சி இருக்குதுன்னு பாக்குமா?" "அதெல்லாம் பாக்காதுங்க. எடை மட்டும்தான்." ஆறுச்சாமிக்கு ஒரே சந்தோஷம். "ஊர்ல எல்லாவனும் பெருசா இருந்தா ஏத்த மாட்டேங்கறான். நாம சின்னதா இருந்தா ஏத்த மாட்டோம். நாமதான்டா ஒஸ்தி!" குறைந்தால் என்ன எழுத்து வரவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டபோது ஆறுச்சாமி, "இந்தப் படத்தைக் கொண்டுட்டு வராதேன்னு போடு," என்றார், கோகிலவாணிதான் அது முகத்தில் அடிப்பது போல இருக்கும் என்று யோசித்து, அச்சில் முகம் உடையும் என்று எழுதிக்கொடுத்தாள், உள்ள விஷயத்தைச் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று அன்றைக்கு நினைத்தாள்.

தரணி வந்ததே அந்தச் சிவப்பு எழுத்தோடுதான். ஆயுத பூஜைக்குக் காத்தாடி ஆபீஸில் வைக்க ஒரு பேனர், வேலைக்காரர்கள் எல்லார் முகமும் வரிசையாக வரவேண்டும், எல்லாருடையதும் ஏறிவிட்டது, இவனுடையது மட்டும் ஏறவில்லை, யாரோ எடுத்த குரூப் படத்திலிருந்து நறுக்கின தலை. "அம்மிணி, உங்க கம்ப்யூட்டருக்கு என்னயப் புடிக்கல போல." "கம்ப்யூட்டருக்கு ஆளத் தெரியாதுங்க, எடைதான் தெரியும்." "அப்ப ரெண்டு நாள் நல்லாத் தின்னுட்டு வர்றேன்." அடுத்த நாளும் வந்தான், அதுவும் சின்னது, அதற்கு அடுத்த நாளும் வந்தான், சின்னது, கடைசியில் அவளே சுவரோரம் நிற்கவைத்துத் தன் ஃபோனில் எடுத்தாள், கண்ணை மூடிவிட்டான், மறுபடி எடுத்தாள், மறுபடி மூடினான், ஆறுச்சாமி உள்ளேயிருந்து, "அந்தத் தம்பிக்குக் கண்ணு இருக்குதா இல்லயா, பாத்துச் சொல்லு புள்ள," என்று சத்தம் போட்டார். ஆறுச்சாமிக்கு இன்றைக்கு அவனை நினைவிருக்குமோ என்னவோ. எத்தனை முகம் வந்து போகிற கடை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் தரணி கேட்டான், நிஜமாவே சின்னதா இருந்துச்சா, இல்ல என்னய அலையவெக்கணும்னே சொன்னயா என்று. நிஜமாகவே சின்னது என்றாள். அவன் நம்பவில்லை. நம்பாமலேயே இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சம்பத் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தார். "அவன எடுத்துட்டுப் போன அன்னிக்கே பசங்க ஒரு பேனர் அடிச்சாங்க அம்மிணி, வேற எங்கயோ போயி. இதே படந்தான். வாசல்ல கட்டி வெச்சாங்க. அம்மா வந்து பாத்துச்சு. யாருடா இதுன்னுச்சு. நம்ம தரணிதானம்மான்னேன். எம்பையனுக்குக் கண்ணு இருக்குமேடா, இதுல கண்ணு எங்கடான்னுச்சு." ஃபோனை மறுபடி எடுத்துப் பார்த்தார். "கிட்டப் போயிக் கையால தடவித் தடவிப் பாக்குது. கண்ணெங்க, கண்ணெங்கன்னு. நாந்தான் கழட்டச் சொன்னேன். நாளைக்குக் காரியம். காரியத்துக்காவது அவம் மூஞ்சிய அம்மாவுக்குக் காட்டணும். பொணத்தயும் பொதிஞ்சுதான் குடுத்தாங்க, காட்டல." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பினால் தன் முகத்தை அவர் பார்த்துவிடுவார். "நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்கண்ணா," என்றாள், குரல் யாருடையதோ மாதிரி இருந்தது, "பழைய ஆர்டருல அவரு படம் ஏதாச்சும் கெடக்குதான்னு தேடிப் பாக்கறேன். ஆயுத பூஜைக்கு இங்கதான் குடுத்தாங்க." "அப்படியா? இங்க வந்திருக்கறானா?" என்று கடையைச் சுற்றிப் பார்த்தார், சுவரை, தொங்குகிற சாம்பிள் அட்டைகளை, அவன் நின்ற இடம் எங்கேயாவது தெரியுமா என்பது போல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போனார்.

பழைய ஆர்டரில் எதுவும் இல்லை, கண் மூடின படம்தான் இருந்தது, அதைத்தான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். இருப்பது அவள் ஃபோனில். வரித் தாக்கல் என்று பேர் போட்ட ஒரு ஃபோல்டருக்குள்ளே, அதற்குள் இன்னொரு ஃபோல்டருக்குள்ளே, ஒரே ஒரு படம். மற்றதையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிடுவாள், அவன் அனுப்பினதை, இவள் அனுப்பினதை, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் தெருமுனைக் குழாயடியில் நின்று அழித்துவிட்டுத்தான் நுழைவாள். இதை மட்டும் அழிக்கவில்லை. ஆடிக் காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காத்தாடிகளுக்கு அடியில், ஃபோனை அவன் வாங்கி நீளமான கையை நீட்டி எடுத்தான், இவள் அவன் தோளோரம் நின்றாள், தலைமுடி பறந்து அவன் வாயில் விழுந்தது, "உன்ர முடிக்கு ஒரு கெளிப்பு வாங்கக் காசில்லயா புள்ள," என்றான், "வாங்கிக் குடுங்க," என்றாள், அதற்கு அவன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், அந்தச் சிரிப்பில் விரல் தன்னால் அழுத்திவிட்டது. கண் திறந்திருந்த ஒரே படம். அனுப்பு அனுப்பு என்று எத்தனை தடவை கேட்டான். "வாட்ஸப்புல அனுப்பினா உடைஞ்சு போயிரும். நேர்ல வாங்க, ஒரிஜினலா ஏத்தித் தர்றேன்." "உனக்கு மனுசன் மூஞ்சியே எம்பியிலதான் தெரியும்." "உங்க மூஞ்சிக்கு அதாவது இருக்கட்டும்." நேரில் பார்த்தபோதெல்லாம் மறந்துபோனாள். மறந்துபோனாளா, இல்லை பயந்தாளா, அவன் ஃபோனை அவன் வீட்டில் யாராவது பார்த்தால் என்று பயந்துதான் மறந்தாளா. உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தடவை அனுப்பியிருந்தால் அவன் யாருக்காவது காட்டியிருப்பான், கூட வேலை செய்கிறவன் எவனாவது வாங்கி வைத்திருப்பான், இன்றைக்கு அந்த அம்மா கண்ணெங்கே என்று தடவவேண்டியிருக்காது. கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்தாள், படம் கெடவில்லை.

அந்த ஸ்டேட்டஸைப் பார்த்த காலையில் அவள் டிபன் பாக்ஸுக்குத் தக்காளிச் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கூட்டாளி ஒருத்தன் வைத்த படம், ஓரத்தில் கறுப்புக் கோடு. பிறந்தநாள் தையில்தானே, இப்போது ஏன் வைக்கிறான் என்று நினைத்தாள். அதற்கு அடுத்து அவள் மனசில் வந்தது, இந்தப் படம் சின்னது, ஆகாது என்பது. அப்புறம்தான் கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். இதை அவளால் தாண்டிப் போகமுடியவில்லை, எத்தனை நாளாகத் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து கால் தட்டுகிறது, அவன் செத்துப்போன செய்தியை அவள் சைஸ் பார்த்துவிட்டுத்தான் படித்தாள். அழுகை வரவில்லை. சோற்றை அடைத்து மூடினாள். கடைக்கு வந்தாள். பக்கத்து மொபைல் கடைக்கும் இவர்களுக்கும் சேர்த்து ஒரே பாத்ரூம், அதற்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டபோதுதான் வந்தது, வந்த கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கண்ணு நோவு என்று சொல்லிவிட்டாள், வீட்டிலும் அதையே சொன்னாள், அம்மா சொட்டு மருந்து வாங்கி வைத்தாள், ஆறுச்சாமி, "எம்பக்கம் பாக்காத புள்ள, ஒட்டிக்கும்," என்று தள்ளி உட்கார்ந்தார், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு ஒரு காதுகுத்துக்கும் ஒரு புதுக் கடை திறப்புக்கும் பேனர் போட்டுக் கொடுத்தாள். அவனை எடுத்துப் போனது பஸ் ஸ்டாண்டு வழியாகத்தானாம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ரோட்டில் பூ உதிர்ந்து கிடந்தது. மிதிக்காமல் நடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அத்தனை பூ.

கொடுத்தால் என்ன ஆகும். இந்தப் படம் எப்படி உன்கிட்ட வந்துச்சு என்று சம்பத் கேட்பார். பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்பார். சம்பத் வீட்டுத் தெருவுக்குள் போகும்போது அவள் அப்பா சின்ன வயசில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவாராம், இப்போது செருப்போடு போகலாம், அவ்வளவுதான் ஆகியிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் கத்தமாட்டார், பயப்படுவார், அவர் பயந்து நிற்பதைப் பார்ப்பது அடி வாங்குவதை விட மோசம். வேலைக்கு வருவது நின்றுபோகும். அவனுக்கும்தான் என்ன, செத்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவார்கள், அவன் பேர் நாறும், உயிரோடு இருந்து பக்கத்தில் நின்று வாங்கவேண்டிய ஏச்சை அவன் இல்லாமல் அவன் அம்மா வாங்குவாள். கொடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. பழைய ஆர்டரில் இல்லைங்கண்ணா என்று சொன்னால் சரி அம்மிணி என்று போய்விடுவார், கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். நாளைக்குக் கண்ணில்லாத ஒரு முகம் மறுபடி வாசலில் நிற்கும். அந்தப் படம் அவளிடமே இருக்கும். அவனில் அவளுக்கென்று மிஞ்சினது அது ஒன்றுதான், தாலியா, மெட்டியா, ஊர் அறிய அழுகிற உரிமையா, எதுவுமில்லை, ஒரு ஃபோல்டர். எதிரே டீக்கடையில் சம்பத் டம்ளரை வாங்குவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. குடித்தார். முகம் சுளித்தார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரைச் சத்தமாக வைத்தார், சத்தம் இங்கே கேட்கவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது. அவள் ஃபோனில் ஒயரைச் செருகினாள்.

பெரிய திரையில் அவன் வந்தான். இத்தனை பெரிசாக அவனை அவள் பார்த்ததில்லை, கீழுதட்டில் வெடிப்பு, புருவத்துக்குள்ளே பழைய தழும்பு, கண்ணுக்குள்ளே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கண்ணின் கறுப்புக்குள்ளே அவள்தான் சின்னதாக நிற்கிறாள். பக்கத்தில் பெரிசாகவும் நிற்கிறாள், வாயைத் திறந்துகொண்டு, பைத்தியம் மாதிரி. தன்னைத்தான் முதலில் எடுக்கவேண்டும். ஒரு கோடு இழுத்தாள், அவன் தோளுக்கு இந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் வெட்டினாள். அப்படித்தான் தினமும் வெட்டுகிறாள், செத்துப்போனவர்களின் படத்தில் பக்கத்தில் இருப்பவர்களை வெட்டுவது அவள் வேலை, தோளில் கிடக்கும் கையை வெட்டுவாள், மடியில் இருக்கும் குழந்தையை வெட்டுவாள், கல்யாணப் படத்தில் பெண்டாட்டியை வெட்டுவாள், ஒரு நாளும் கை நின்றதில்லை. வெட்டினதைச் சேமித்து ஏற்றப் போனாள். சிவப்பு எழுத்து. படம் சிறியது. ஒன்று புள்ளி நாலு. அவள் இருந்தபோது மூன்றுக்கு மேல் இருந்த படம். மறுபடி ஏற்றிப் பார்த்தாள், ஏதாவது மாறியிருக்குமா என்பது போல. அதற்கு ஆள் தெரியாது, அழுகை தெரியாது, எழுதிக் கொடுத்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

வெட்டாமல் மறைக்கலாம். வெட்டினதைத் திருப்பிப் போட்டுத் தன் மேல் வானத்தை எடுத்துப் பூசினாள், வெளிறின நீலம், தலையிலிருந்து தொடங்கிக் கழுத்து, தோள், சிரிக்கிற வாய், பூசப் பூச அவள் இல்லாமல் போனாள், அவன் வெறும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஏற்றினாள். சிவப்பு. ஒன்று புள்ளி எட்டு. வெறும் வானத்துக்கு எடை கிடையாது, அது தெரியாதவளா அவள், ஒரே நிறமாக இருந்தால் ஃபைல் சுருங்கிவிடும், பள்ளம் மேடு இருக்கவேண்டும், மினுக்கம் இருக்கவேண்டும், அப்போதுதான் கனக்கும். இழுத்துப் பெரிசாக்கி ஏமாற்றலாம், பாலில் தண்ணீர் ஊற்றுவது போல, மற்றவர்களுக்கு அவசரத்தில் செய்திருக்கிறாள், இவன் கண்ணுக்கு அதைச் செய்ய மனசு வரவில்லை. கடையில் ஒரு குத்துவிளக்குப் படம் இருக்கிறது, பித்தளை, ஐந்து முகமும் எரிகிற விளக்கு, எல்லாச் சாவுக்கும் அதே விளக்குத்தான், ஓரத்தில் சின்னதாகப் போடுவார்கள். அதை எடுத்து ஆள் உயரத்துக்கு வைத்து, அவள் நின்ற இடத்தில் அப்படியே நிறுத்தினாள். பித்தளையின் நெளிவும் எண்ணெய் மினுக்கமும் சுடரும் சேர்ந்தன. அவன் விளக்கைப் பார்த்துச் சிரித்தான். சேமித்தாள். இரண்டு புள்ளி மூன்று. ஏற்றுகிற பொத்தானின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள், அழுத்தவில்லை, கை அங்கேயே இருந்தது. அழுத்தினால் அவன் ஊருக்குப் போய்விடுவான். அழுத்தினால் அவன் அம்மாவுக்கு மகன், அண்ணனுக்குத் தம்பி, போஸ்டரில் இன்னாருடைய இளைய குமாரன், எல்லாம் ஆகிவிடுவான், அவள் பக்கத்தில் நின்றதற்கு ஒரு அத்தாட்சி இந்தத் திரையில்கூட இருக்காது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

சம்பத் உள்ளே வந்தவர் நாற்காலிக்கு வரவில்லை. இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "சாமி..." என்றார். அப்புறம் கிட்ட வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இது... இதா அம்மிணி? எங்க இருந்துச்சு?" "பழைய ஆர்டர்லங்க. விளக்கு மட்டும் நான் வெச்சேன்." "கண்ணப் பாரு," என்றார், அவளிடம் இல்லை, யாரிடமோ. "எங்கூட்டுல இவன் இப்படிச் சிரிச்சு நாங்க பாத்ததே இல்லீங்க. சோத்தப் போட்டாத் திம்பான், போவான். இப்படியெல்லாம் சிரிப்பானா இவன்?" நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, பெருமையா துக்கமா, ஆமாங்கண்ணா சிரிப்பாரு, தேங்காய் பன்னைப் பார்த்தால் சிரிப்பாரு, பஸ்ஸில் யாராவது தூங்கி விழுந்தால் சிரிப்பாரு, உங்களைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பாரு, என்று எல்லாம் வாய்வரை வந்து நின்றது. சம்பத் இன்னும் குனிந்தார். விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இது என்னுங்க, சட்ட மேல, கோடு மாதிரி?"

அவளும் பார்த்தாள். வானம் பூசினபோது விட்டுப்போயிருந்தது. அவன் வெள்ளைச் சட்டையின் தோளில், காற்றில் பறந்து வந்து படிந்த முடி, நீளமாக, கறுப்பாக, நாலைந்து இழை, விளக்குத் தண்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பி அவன் கழுத்துவரைக்கும் போயிருந்தது. அத்தனை வருஷ வேலையில் இப்படி அவள் எதையும் விட்டதில்லை. "அழிச்சிடறேனுங்க," என்றாள், "ஒரு நிமிசந்தாங்க, அழிச்சிடறேன்," மவுஸைப் பிடித்தாள், கர்சர் திரையெல்லாம் ஓடியது. சம்பத் திரையைப் பார்த்தார். தம்பி பார்க்கிற திசையைப் பார்த்தார், விளக்கை, விளக்கின் உயரத்தை. அவளை மட்டும் பார்க்கவில்லை. அவள் ஒற்றைப் பின்னல் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, அதை இழுத்து முன்னால் போட்டுக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது, அசைந்தால் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது. வெளியே பழனி பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது, கண்டக்டர் பழனி பழனி என்று கத்தினான், கிளம்பிப் போனது. "வேண்டாம்," என்றார் சம்பத். "இருக்கட்டும் விடுங்க." "இல்லீங்கண்ணா, பேனர்ல பெருசாத் தெரியுமுங்க." "தெரியட்டும். அவன் சட்டதானே." நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தார். "ஏத்துங்க அம்மிணி."

அவள் அழுத்தினாள். சிவப்பு வரவில்லை. ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிதானமாக ஓடியது, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோடு முடிந்தது, பேர் போடுகிற பக்கம் திறந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், தகப்பனார் பேர், ஊர், இளைய குமாரன், தோற்றம், மறைவு. அழுதுகொண்டே அடித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை, எழுத்து கலங்கியது, துடைத்துக்கொள்ளாமல் அடித்தாள், பிழை விழவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணு நோவுங்க என்று சொல்ல நினைத்தாள். அவர் கேட்கவே இல்லை. எல்லாம் முடிந்தபின், "காலைல எட்டு மணிக்கு வந்தாத் தயாரா இருக்குமுங்கண்ணா. ஆள அனுப்பிச்சுருங்க," என்றாள். சம்பத் வேட்டியைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

"ஆளெல்லாம் ஆரும் இல்லீங்க," என்றார். "நீங்களே கொண்டுட்டு வந்துருங்க."

கடையில் அப்படி வழக்கம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தாள். "எங்க தெரு தெரியுமில்லீங்க? வாசல்ல வெச்சுட்டுப் போயராதீங்க. உள்ள வந்து அம்மா கைல குடுங்க. அவ ஏதாச்சும் கேப்பா." கதவில் கை வைத்தார். "கேட்டா, இவன் எதுக்குச் சிரிச்சான்னு சொல்லுங்க. எங்களுக்குச் சொல்லத் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, கதவைத் தள்ளித் திறந்து படியிறங்கினார். வெயில் ஏறியிருந்தது. வந்தபோது எந்த வண்டியில் வந்தார் என்று தெரியவில்லை, இப்போது நடந்துதான் போனார், மேல்துண்டை எடுத்து முகத்தில் ஒரு தடவை அழுத்திக்கொண்டு, பழக்கடைகளுக்கு நடுவே, இளநீர் வண்டியைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல்.